உண்மையான நிதி மோசடியை வைத்துப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதி மோசடி ஒன்றை வைத்துக் குற்றப் படம் எழுத உட்காரும் உதவி இயக்குநர்களும் புதுத் தயாரிப்பாளர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இந்தியாவில் நடந்த மோசடிகளையும் இந்தியச் சட்டத்தையும் ஒட்டியவை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது திரைக்கதை எழுதும் அளவுக்குப் போதும். பூஜை போடுவதற்கு முன்னால் ஊடக வழக்குகள் நடத்திப் பழகிய வழக்கறிஞர் ஒருவர் முழு ஸ்கிரிப்டையும் படித்தே ஆக வேண்டும்.

1. "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது"ன்னு போட எவ்வளவு உண்மையா இருக்கணும்?

இத்தனை சதவீதம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு: அசல் பெயர்களோடு எடுப்பது, பெயர்களை மாற்றிச் சம்பவங்களை அப்படியே வைத்துக்கொள்வது, மோசடி நடந்த விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களையும் ஊரையும் புதிதாக எழுதுவது. ஒன்லைன் எழுதும்போதே இதில் எது என்று முடிவாகிவிட வேண்டும். தேவையான ஆவணங்கள், அனுமதி, சென்சார், விளம்பரம் என்று பின்னால் வரும் அத்தனையும் இந்த முடிவைப் பொறுத்தே மாறும்.

போஸ்டரில் "உண்மைக் கதை" என்றும் படத்தின் முதல் கார்டில் "பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்றும் போடுவது பரவலான பழக்கம். வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது இந்த முரண்பாட்டைத்தான். போஸ்டர், டீசர், பேட்டி, கார்டு எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

2. எந்த மோசடியை எடுக்கலாம்? பெரிய தொகையா இருந்தாதான் படம் நிக்குமா?

தொகையை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. 4,000 கோடிக்கும் 13,000 கோடிக்கும் உள்ள வித்தியாசம் திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு உறைக்காது. ஒரு ஓய்வூதியக்காரர் கட்டிய 3 லட்சம் உறைக்கும்.

தேர்வுக்கு இரண்டு கேள்விகள் போதும். அந்த மோசடியின் மையத்தில் எந்தத் தாள் இருக்கிறது? அந்தத் தாளைச் சரிபார்க்க வேண்டியவர் ஏன் பார்க்கவில்லை? 1992 பத்திர ஊழலில் அந்தத் தாள் வங்கி ரசீது. சத்யம் என்ற ஐ.டி. நிறுவனத்தின் கணக்கு மோசடியில் இல்லாத பணத்துக்கான வைப்பு ரசீதுகளும் வங்கி அறிக்கைகளும். 2018-ல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து போன பொறுப்பேற்புக் கடிதங்கள், அதாவது கடனுக்கு நாங்கள் பொறுப்பு என்று வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்கு வங்கி அனுப்பும் உறுதி. இரண்டாவது கேள்விக்குப் பதிலாகச் சோம்பலோ பயமோ நம்பிக்கையோ கமிஷனோ கிடைக்கும். எது கிடைக்கிறதோ அதுதான் உங்கள் கதை. பதிலே கிடைக்காவிட்டால் அது செய்திக் கட்டுரையாகத்தான் நிற்கும். அதைப் படமாக்க முயல வேண்டாம்.

3. மோசடி எப்படி நடந்ததுன்னே முழுசா புரியல. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

பணம் போன வழியை ஒரு சார்ட் பேப்பரில் வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, அதற்கு ஈடாக எந்தத் தாள் திரும்பி வந்தது, அந்தத் தாளின் பின்னால் உண்மையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். மூன்றாவதற்கு "ஒன்றுமில்லை" என்று எழுத வேண்டி வரும் இடம்தான் மோசடி.

1992-ஐயே வரைந்து பார்ப்போம். ஒரு வங்கிக்குச் சில நாட்களுக்குப் பணம் வேண்டும். தன்னிடம் உள்ள அரசுப் பத்திரத்தை இன்னொரு வங்கிக்கு விற்று, 15 நாளில் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போடுகிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் பத்திரத்தை அடகு வைத்து மீட்பது. பத்திரங்களின் கணக்கு ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகத்தில் கையால் எழுதப்பட்டதால் பதிவு மெதுவாகவே நடந்தது. அதனால் பத்திரத்தைக் கொடுக்காமல், "பிறகு தருகிறேன்" என்று ஒரு வங்கி ரசீது கொடுப்பது வழக்கமானது. நடுவில் தரகர் வந்தார். வங்கியின் பெயருக்கு எழுதப்பட்ட காசோலையே தரகரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பின்னாலே பத்திரமே இல்லாத ரசீதுகளைச் சின்ன வங்கிகள் கொடுத்தன. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குப் போனது. 1992 ஏப்ரல் 23-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய செய்தி விஷயத்தை உடைத்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கணக்கிட்ட தொகை ஏறக்குறைய 4,000 கோடி ரூபாய்.

இந்த வரைபடத்தைப் பார்த்தாலே எழுத வேண்டிய காட்சிகள் தெரிகின்றன: காசோலை தவறான கணக்கில் வரவாகும் கவுன்டர், ரசீதைப் பெட்டியில் பூட்டும் அதிகாரி, பத்திரம் எங்கே என்று முதல்முறையாகக் கேட்கும் ஆள். இந்த வரைபடம் முடியாமல் திரைக்கதைக்குப் போனால், இரண்டாம் பாதியில் யாரோ ஒருவர் பத்து நிமிடம் வகுப்பெடுக்க வேண்டி வரும்.

4. எங்க கதை டெபாசிட் மோசடி. பத்து சதவீத வட்டி தர்றேன்னு வசூல் பண்றான். இதுக்கும் கணக்கு போடணுமா?

இதற்குத்தான் கட்டாயம் போட வேண்டும். இதில் கணக்கே வில்லன்.

மாதம் 100 பேர், தலா 1 லட்சம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போகக் கையில் நிற்பது மாதம் 90 லட்சம். ஆளுக்கு மாதம் 10,000 வட்டி, கட்டிய அடுத்த மாதத்திலிருந்து. இரண்டாம் மாதம் கொடுக்க வேண்டியது 10 லட்சம்தான். பத்தாம் மாதம் 900 பேருக்கு 90 லட்சம். வரவும் செலவும் சமம். அன்று கையிருப்பு 4.5 கோடி. ஊரே அவரைக் கொண்டாடும் நாள் அது. மறுமாதத்திலிருந்து கையிருப்பு கரையும். 19-ம் மாதக் கடைசியில் பூஜ்யம். வசூலான 19 கோடியில் கமிஷன் 1.9 கோடி, வட்டி 17.1 கோடி. நிறுவனர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை! அவர் கார், அலுவலகம், விழா என்று 2 கோடி செலவழித்திருந்தால் 17-ம் மாதமே பணம் தட்டுப்படும்.

பாத்திரங்களும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறார்கள். முதல் மாதம் கட்டியவர் 1.8 லட்சம் வாங்கிவிட்டார். லாபம் பார்த்தவர், ஊரைச் சேர்த்துவிட்டவர், கடைசிவரை நிறுவனரை விட்டுக்கொடுக்காதவர் எல்லாம் அவரே. பத்தாம் மாதம் வந்தவருக்கு 90,000 திரும்பியிருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று தவிப்பார். 19-ம் மாதம் வந்தவருக்கு ஒரு பைசா வரவில்லை. மூவரையும் ஒரே தெருவில், முடிந்தால் ஒரே குடும்பத்தில் வையுங்கள். "பணமெல்லாம் எங்கேடா போச்சு?" என்ற கேள்விக்கு "உங்க மாமா வாங்கின வட்டியில போச்சு" என்ற பதில் எந்தச் சண்டைக் காட்சியையும்விட வலிக்கும்.

இன்னொன்று. இதைச் "சிட் ஃபண்ட் மோசடி" என்று வசனத்தில் எழுதாதீர்கள். பதிவு செய்த சீட்டு 1982-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் தொழில். இங்கே நடப்பது அனுமதியில்லாத டெபாசிட் வசூல். தமிழ்நாட்டில் அது 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வரும்; விசாரிப்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு.

5. ஆவணங்கள் எங்க கிடைக்கும்? பத்திரிகைச் செய்தி போதாதா?

செய்தி, தேதிகளைத் தெரிந்துகொள்ள உதவும். வழக்கு வந்தால் தாங்காது. ஆரம்ப நாள் செய்திகளில் தொகையும் பதவியும் அடிக்கடி தவறாக இருக்கும். வலுவானவை தீர்ப்புகள், ஜாமீன் உத்தரவுகள், நாடாளுமன்றக் குழு அறிக்கைகள், ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி ஆகியவற்றின் உத்தரவுகள். தீர்ப்பில் சாட்சியங்களின் சுருக்கம் இருக்கும். பல நேரம் காட்சியே அதில் எழுதப்பட்டிருக்கும்: யார் எந்த மேஜையில் உட்கார்ந்து எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்பதுவரை.

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தரங்கத்தைப் பாதிக்கும் வழக்குகளுக்கு விலக்கு உண்டு. குற்றப்பத்திரிகை அப்படியில்லை. அது பொது ஆவணம் ஆகாது என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "சோர்ஸ்" மூலம் கிடைத்த குற்றப்பத்திரிகையிலிருந்து வசனத்தை எடுத்துவைத்தால், அதற்குப் பொது ஆவணம் என்ற பாதுகாப்பு கிடைக்காது. வழக்கில் தரப்பினர் இல்லாதவர் நீதிமன்றத்தில் காரணம் சொல்லி நகல் மனு போட்டு வாங்குவதே சரியான வழி. நேரம் பிடிக்கும், எழுத ஆரம்பிக்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

6. சம்பந்தப்பட்டவங்ககிட்ட அனுமதி வாங்கியே ஆகணுமா?

இதில் அடிப்படைத் தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே போனது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒருவரின் அந்தரங்கத்தை அவர் அனுமதியின்றி வெளியிட முடியாது, ஆனால் நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட அனுமதி தேவையில்லை. ஆகவே தீர்ப்பில் உள்ள மோசடியைக் காட்டலாம். அந்த ஆளின் மண வாழ்க்கை, மகளின் நோய், படுக்கையறைச் சண்டை ஆகியவை பொது ஆவணத்தில் இல்லையென்றால் அனுமதி வேண்டும்; கிடைக்காவிட்டால் தொடாதீர்கள்.

அனுமதி ஒப்பந்தம் போட்டால் பணத்தைத் தவிர வேறு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அவர் பேட்டி கொடுப்பாரா, கடிதங்களையும் படங்களையும் தருவாரா, வழக்குப் போடமாட்டேன் என்று எழுதித் தருவாரா? பதிலுக்கு அவர் ஸ்கிரிப்ட் ஒப்புதல் உரிமை கேட்டால் கொடுக்க வேண்டாம். "படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம்" என்பதோடு நிறுத்துங்கள். குற்றவாளியின் ஒப்புதலோடு வரும் படத்தில் ஏமாந்தவர்கள் பின்னணிக் கூட்டமாகிப் போவதைப் பலமுறை பார்க்கலாம்.

சிறையில் இருப்பவரைப் பேட்டி காண்பது தனிப் பாடு. 2015-க்குப் பின் உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் மிகக் கடுமையானது. அதை நம்பித் திரைக்கதை எழுதாதீர்கள்.

7. பேரை மாத்திட்டோம். இனி பிரச்சினை இல்லதானே?

பெயர் மாறியும் ஆள் அடையாளம் தெரிந்தால் அவதூறு வழக்கு நிற்கும். ஊர், பதவி, வருடம், மீசை, கார் எல்லாம் அப்படியே இருக்கையில் பெயரை மட்டும் மாற்றி என்ன பயன்? பலரும் கோட்டைவிடுவது சின்னப் பாத்திரங்களில். நிறுவனரைப் பற்றித் தீர்ப்பே இருக்கிறது. அவரைத் துணிந்து காட்டலாம். ஆனால் கதை விறுவிறுப்புக்காகக் கிளை மேலாளரை லஞ்சம் வாங்குபவராக எழுதுகிறீர்கள். நிஜத்தில் அந்தக் கிளைக்கு அந்த வருடம் ஒரே மேலாளர்தான். அவர்மீது வழக்கே இல்லை. நோட்டீஸ் அவரிடமிருந்து வரும்.

நாலைந்து பேரைச் சேர்த்து ஒரே பாத்திரமாக்குவது நல்ல உத்திதான், அந்தப் பதவியில் பலர் இருந்திருந்தால். ஒருவர் மட்டுமே இருந்த பதவி என்றால் பதவியையே மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், வருடத்தை நகர்த்துங்கள்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். குற்றவியல் அவதூறில், இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு, உண்மையோடு பொதுநலனும் இருக்க வேண்டும். இறந்தவரைப் பற்றியதும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், அந்தப் பிரிவில் வரும். நிறுவனங்களும் வழக்குப் போடலாம்.

8. ஒரு புத்தகத்துல இருந்துதான் எல்லாம் படிச்சோம். உரிமை வாங்கணுமா?

நடந்த சம்பவத்துக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது. அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. புத்தகத்தின் அத்தியாய வரிசை, ஆசிரியர் கட்டிய உரையாடல், அவர் தேர்ந்த கோணம் ஆகியவை உங்கள் ஸ்கிரிப்டில் தெரிந்தால் உரிமை வாங்க வேண்டும். தெரியாவிட்டாலும் வாங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. எழுதியவரின் குறிப்பேடுகளும் தொடர்புகளும் சேர்ந்து வரும். 1992 ஊழல் பற்றி 2020-ல் வந்து பெயர்பெற்ற இந்தித் தொடரும் பத்திரிகையாளர்கள் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டதுதான்.

9. ஸ்கிரிப்டுல எது நிஜம், எது நாங்க எழுதினதுன்னு எப்படிக் கணக்கு வைக்கறது?

பவுண்ட் ஸ்கிரிப்டின் ஒரு பிரதியில் மூன்று நிற மார்க்கர் போடுங்கள். ஆவணம் உள்ள வரிக்குப் பச்சை. ஓரத்தில் எந்தத் தீர்ப்பு, எந்தப் பத்தி என்ற குறிப்பு. பல சம்பவங்களைச் சேர்த்து எழுதியதற்கு மஞ்சள். முழுக் கற்பனைக்குச் சிவப்பு. அடையாளம் தெரியும் ஆள் குற்றம் செய்வதாகக் காட்டும் இடம் சிவப்பில் இருந்தால், அது மாறியே ஆக வேண்டும். வழக்கறிஞர் படிக்க வேண்டிய பிரதியும் இதுதான், ஓ.டி.டி. நிறுவனம் கேட்பதும் இதுதான். படப்பிடிப்பில் வசனம் மாறினால் அன்றே இதிலும் மாற்ற வேண்டும். இதை ஒரே உதவி இயக்குநரின் பொறுப்பில் விடுங்கள்.

10. இந்தக் கணக்கு வழக்கெல்லாம் ஆடியன்ஸுக்கு எப்படிப் புரிய வைக்கறது?

முழுவதும் புரிய வேண்டியதில்லை. மோசடி செய்பவருக்கு இப்போது என்ன வேண்டும், அதற்கு யாரை ஏமாற்ற வேண்டும், எப்போது மாட்டுவார், இந்த மூன்றும் புரிந்தால் போதும். பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தை எடுங்கள். வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் கணினியும் வங்கியின் உள்கணக்குக் கணினியும் இணைக்கப்படவில்லை. ஒன்றில் அனுப்பியதை மற்றொன்றில் பதியாமல் விட்டால் வங்கிக்கே தெரியாது. ஒரே மேஜையில் இரண்டு திரைகள். ஒன்றில் எழுத்துகள் ஓடுகின்றன, மற்றொன்று வெறுமையாக நிற்கிறது. ஒரு ஷாட்டில் முடிந்தது. மோசடி வெளிவந்ததும் வசனமே தேவைப்படாத விதத்தில்தான்: கையாண்ட அதிகாரி ஓய்வுபெற்ற பிறகு, 2018 ஜனவரியில் மறுபடி கடிதம் கேட்டு வந்த நிறுவனத்தாரிடம் புது அதிகாரி முழு ஈட்டுத்தொகை கேட்டார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்பதுதான் பதில்.

விளக்க வேண்டியே வந்தால், விளக்குபவருக்கு அந்தக் காட்சியில் ஏதாவது ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கட்டும். தயங்கும் கூட்டாளியை இழுக்க விளக்குகிறார் என்றால் பார்வையாளரும் காதுகொடுப்பார். ஒரே தொகையைப் படம் முழுக்க ஒரே மாதிரி சொல்லுங்கள். ஒரு சீனில் கோடி, இன்னொன்றில் மில்லியன் என்றால் அங்கேயே ஆள் விட்டுப்போய்விடும்.

11. மோசடிக்காரனை ஹீரோ ஆக்கிட்டீங்கன்னு திட்டுவாங்களே?

அவருடைய பக்கத்திலிருந்து கதை சொல்வது தவறில்லை. பணம் வந்த இடத்தை மறைப்பதுதான் தவறு. கார் வாங்கும் காட்சி இருந்தால், அந்தப் பணத்தைக் கட்டியவர் ஒருவரின் முகம் அதற்கு முன்பே படத்தில் வந்திருக்க வேண்டும். 4-வது கேள்வியில் சொன்ன மூவரும் இதற்கும் உதவுவார்கள். ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்களாகவோ அப்பாவிகளாகவோ மட்டும் எழுதாதீர்கள். வங்கி வட்டி போதாதவர், நம்பும் உறவினர் சொன்னதால் கட்டியவர், முதல் மூன்று மாதம் ஒழுங்காக வந்ததைப் பார்த்து நகையை விற்றுக் கட்டியவர் என்று ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது.

12. கட்டுக்கட்டா பணம் காட்டணும். அசல் நோட்டு மாதிரியே அடிச்சுக்கலாமா?

கூடாது. ஏமாறும் அளவுக்கு நோட்டைப் போன்ற தாளை அச்சிடுவதே குற்றம். அது செட்டைவிட்டு வெளியே போய்க் கடையில் மாறினால் கள்ளநோட்டு விசாரணைதான். மேலே ஒரு அசல் நோட்டு, கீழே வெற்றுத்தாள் என்று கட்டுங்கள். குளோசப்புக்குக் கொஞ்சம் அசல் பணம். எண்ணி வாங்கி எண்ணித் திருப்பக் கணக்காளர் ஒருவர் செட்டில் இருக்கட்டும். அச்சிட்டே ஆக வேண்டுமென்றால் படப்பிடிப்புக்கானது என்ற எழுத்து, மாறிய அளவு, ஒருபக்க அச்சு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். முடிந்ததும் எண்ணி அழிக்க வேண்டும்.

எடையைக் கவனியுங்கள். 1 கோடி ரூபாய் 100 ரூபாய் நோட்டுகளில் 1,000 கட்டு. ஒரு நோட்டு ஏறக்குறைய 1 கிராம் என்பதால் 100 கிலோ. ஒற்றைக் கையில் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 500 ரூபாயில் 200 கட்டு, 20 கிலோவுக்கு மேல். பெட்டிக்குள் அதே எடையை வைத்தால்தான் நடிகரின் தோள் சரியாகச் சாயும்.

13. கதை தொண்ணூறுகள்ல நடக்குது. எதுல மாட்டிக்குவோம்?

பெரும்பாலும் பணத்திலும் தொலைபேசியிலும். 1990-களில் 1,000 ரூபாய் நோட்டு கிடையாது. 1978-ல் ஒழித்ததை 2000-ல்தான் மீண்டும் வெளியிட்டார்கள். மகாத்மா காந்தி வரிசை நோட்டுகள் 1996-ல் வந்தவை. 1992 கதையில் 100 ரூபாயில் காந்தி படம் இருந்தால் தவறு. 500 ரூபாயில் இருக்கலாம். 1987-ல் வந்த நோட்டிலேயே காந்தி உண்டு. வங்கிக் கட்டுகள் அப்போது ஸ்டேபிள் அடிக்கப்பட்டிருந்தன. 2001-ல்தான் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தித் தாள்பட்டை போடச் சொன்னது. அந்தக் கம்பியைப் பிய்க்கும் சத்தமும் நோட்டில் விழுந்த ஓட்டையும் ஒரு காலத்தையே கொண்டுவந்துவிடும்.

செல்போன் சேவை 1995-ல் தொடங்கியது. பங்குகளை மின்னணுக் கணக்கில் வைக்கும் டீமேட் முறை 1996-க்குப் பிறகு. அதற்கு முன் தாள் சான்றிதழும் மாற்றுப் படிவமும். ₹ குறி 2010-ல் வந்தது, அதற்கு முந்தைய ரசீதில் "ரூ." தான். 1996-க்கு முந்தைய லெட்டர்பேடில் மெட்ராஸ் என்றிருக்க வேண்டும்.

பழைய டியூப்லைட்டும் குழாய்த்திரை கணினியும் கேமராவில் துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 24 ஃப்ரேமுக்கு ஷட்டரை 172.8 டிகிரியில் வைத்தால் விளக்கின் துடிப்பு போய்விடும். 60 ஹெர்ட்ஸ் குழாய்த்திரைக்கு 144 டிகிரி வேண்டும். ஒரே ஃப்ரேமில் இரண்டும் இருந்தால் திரையைப் பிறகு வி.எஃப்.எக்ஸில் மாற்றுவதே சுலபம்.

14. செக், பான் கார்டு, மொபைல் ஸ்கிரீன் எல்லாம் எப்படிச் செய்யறது?

ஓ.டி.டி.யில் நிறுத்திப் பார்ப்பார்கள் என்று நினைத்துச் செய்யுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். உங்கள் காசோலையில் அங்கே 7 போட்டால் எந்தக் கிளையையும் குறிக்காது. பான் எண்ணில் நான்காவது எழுத்து தனிநபரா நிறுவனமா என்பதைச் சொல்லும். வழக்கத்தில் இல்லாத எழுத்தை அங்கே வையுங்கள். தொலைபேசி எண் என்றால் தயாரிப்பு நிறுவனமே ஒரு சிம் வாங்கிப் பல வருடம் வைத்திருக்கட்டும். க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் எதுவும் திறக்கக் கூடாது.

கணக்குத் தாளில் கூட்டல் சரியாக இருக்க வேண்டும். 4-வது கேள்வியில் போட்ட கணக்கை அப்படியே பேரேடாக எழுதிக் கொடுத்தால் கலைத்துறைக்கு வேலை மிச்சம். சின்னங்களில் எச்சரிக்கை: 1992 ஊழல் தொடரில் பின்னணியில் தெரிந்த சின்னம் தங்களுடையதை ஒத்திருப்பதாக ஒரு கூட்டுறவு வங்கி 2021-ல் போலீஸ் புகார் வரை போனது.

15. ரெய்டு சீன்ல யார் வரணும்? சி.பி.ஐ.யா, ஈ.டி.யா?

காலத்தையும் குற்றத்தையும் பொறுத்தது. டெபாசிட் மோசடிக்கு மாநிலப் பொருளாதாரக் குற்றப்பிரிவு. பொதுத்துறை வங்கி மோசடிக்குப் பெரும்பாலும் சி.பி.ஐ.; 2023 ஜூனில் தமிழ்நாடு சி.பி.ஐ. விசாரணைக்கான பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றதால் அதன்பின் நடக்கும் கதையில் மாநில அரசின் அனுமதியோ நீதிமன்ற உத்தரவோ பற்றி ஒரு வரி வேண்டும். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்துக்காக அமலாக்கத் துறை வருவது 2005 ஜூலைக்குப் பிறகுதான்.

சோதனையின் உயிர் மகஜரில் இருக்கிறது. இரண்டு சாட்சிகள், எடுத்த பொருளின் பட்டியல், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. 2024 ஜூலையிலிருந்து சோதனையை வீடியோ எடுப்பது சட்டப்படி கட்டாயம். பல மணி நேரம் நடக்கும். நடுவில் சாப்பாடு வரும், குழந்தை பள்ளியிலிருந்து வரும். கதவை உடைக்கும் காட்சியைவிட அந்தக் காத்திருப்பு பயங்கரமானது. ஸ்டேஷனில் அடித்து ஒப்புக்கொள்ள வைப்பதோடு வழக்கு முடிவதாக எழுதாதீர்கள். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகாது.

16. சென்சார்ல எது போகும்?

அசல் வங்கி, கட்சி, அதிகாரி பெயர்களை மியூட் செய்யச் சொல்வார்கள். உயிரோடிருப்பவரின் பெயர் வந்தால் தடையில்லாச் சான்று கேட்பார்கள். டப்பிங்கிலேயே மாற்றுப் பெயருடன் ஒரு டிராக் எடுத்துவையுங்கள். அசைக் கணக்கு ஒன்றாக, ப, ம போன்ற உதடு மூடும் எழுத்துகள் அதே இடத்தில் வரும் பெயராகத் தேர்ந்தால் குளோசப்பிலும் தெரியாது.

2023 திருத்தத்துக்குப் பின் யு/ஏ-வில் 7+, 13+, 16+ என்று மூன்று பிரிவுகள். மறுஆய்வுக் குழுவிலும் ஒத்துவராவிட்டால் நேராக உயர் நீதிமன்றம்தான். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது. வெளியீட்டுத் தேதியை அறிவிக்கும் முன் இதற்கும் நாள் ஒதுக்குங்கள். ஓ.டி.டி.க்கு மட்டும் என்றால் சான்றிதழ் வேண்டாம். 2021 விதிகளின்படி நிறுவனமே வயதுப் பிரிவு போடும்.

17. வழக்கு இன்னும் நடக்குது. ரிலீஸுக்கு ஸ்டே வாங்கிட்டா?

வாங்க முடியும். 1993 மும்பைக் குண்டுவெடிப்பு பற்றிய இந்திப் படம், விசாரணையைப் பாதிக்கும் என்ற குற்றஞ்சாட்டப்பட்டோரின் மனுவால் நின்று, தடா நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிய பிறகு 2007-ல்தான் வெளியானது. 2020-ல் தொழிலதிபர்களின் மோசடி பற்றிய ஆவணத் தொடர் ஒன்றுக்கு ஹைதராபாதிலும் பீகாரின் அராரியாவிலும் உள்ள நீதிமன்றங்கள் தடை கொடுத்தன. அராரியா போன்ற ஊரிலிருந்து தடை வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மறுபுறம், முழு விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று 2024 மார்ச்சில், ஒரு செய்திக் கட்டுரை தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

நடைமுறையில், மனு வரக்கூடிய நீதிமன்றங்களில் கேவியட் போட்டுவையுங்கள். உங்களைக் கேட்காமல் உத்தரவு வராதிருக்க அது உதவும். ஆயுள் 90 நாள். வெளியீடு தள்ளிப்போனால் புதுப்பிக்க வேண்டும். 9-வது கேள்வியின் மார்க்கர் பிரதி வழக்கறிஞர் கையில் தயாராக இருக்கட்டும். தீர்ப்பு வராத வழக்கில், ஒருவர் குற்றம் செய்ததாகப் படம் சொல்லக் கூடாது. குற்றச்சாட்டு என்ன, அவர் பதில் என்ன என்று இரண்டையும் காட்டலாம்.

18. கடைசி கார்டுல "இன்று அவர்…"னு போடுவாங்களே, அதை எப்படி எழுதறது?

தேதியோடு எழுதுங்கள். "சிறையில் இருக்கிறார்" என்பது அடுத்த மாதம் ஜாமீன் கிடைத்தால் பொய்யாகிவிடும். சத்யம் வழக்கைப் பாருங்கள்: 2009 ஜனவரி 7-ல் மோசடியை ஒப்புக்கொண்டு நிறுவனர் எழுதிய கடிதம், 2015 ஏப்ரலில் 7 ஆண்டுத் தண்டனை, பிறகு மேல்முறையீடு, தண்டனை நிறுத்திவைப்பு. "2015 ஏப்ரலில் நீதிமன்றம் தண்டனை விதித்தது, மேல்முறையீடு செய்யப்பட்டுள்ளது" என்பது போன்ற வாக்கியம் பழசானாலும் தவறாகாது. டெபாசிட்தாரர்களுக்கு எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்ற வரியையும் சேருங்கள். பல படங்களில் அது விடுபட்டுப்போகிறது.

கார்டுகளைப் படத்தின் மேலே ஒட்டாமல் கறுப்புப் பின்னணியில் தனி ரீலாக வைத்தால் மாற்றுவது சுலபம். சான்றிதழ் வாங்கிய பிறகு ஒரு வரி மாறினாலும் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். ஆகவே வெளியீட்டுக்கு முந்தைய வாரம் வழக்கின் நிலையை ஒருமுறை நீதிமன்ற இணையதளத்தில் பார்த்துவிட்டு, மாற்றம் இருந்தால் அன்றே விண்ணப்பியுங்கள்.